வால் பக்கத்து ஈரம்

இரும்பைப் பார்த்த மாத்திரத்தில் அது எங்கே துருப்பிடிக்கும் என்று சொல்லிவிடுவார் உடையப்பன். காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஷார்ஜா வந்து எட்டு வருஷம். கப்பல் பட்டறையில் துரு சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும்தான் பிழைப்பு. 2006 ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, ஊருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறேன்."

"நிக்கிறப்பவா, பறக்கிறப்பவா?" என்றாள் மனைவி நாகவள்ளி.

நின்றுகொண்டிருந்த விமானம்தான். ஹார்டுவேர் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் கௌஸ் முகம்மது, உம் அல் குவைன் கடலோரத்தில் ஒரு பறக்கும் கிளப்பின் ஷெட்டில், இரண்டு வருஷமாகத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். இரும்புக் குழாயில் எலும்புக்கூடு, அதன்மேல் இழுத்துத் தைத்த துணி. பெயிண்ட் அடித்துவிட்டால் பரிசோதனைக்கு ஆள் வந்துவிடுவார்கள்.

உடையப்பன் டப்பாவைத் திறக்கவில்லை. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாலுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். தையல் ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு கோடு. விரலால் அழுத்தினார். பழுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது.

"பாய், உள்ள தண்ணி நிக்குது. துணியப் பிரிக்கணும்."

கௌஸுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நாலு மாசம் தச்ச துணிப்பா அது! பெயிண்ட் அடிக்கத்தானே உம்மக் கூப்புட்டேன்?"

"நான் அடிச்சிட்டுப் போயிருவேன் பாய். மேல போகப்போறது நீங்க."

ஷெட்டில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. மூலையில் நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்த கௌஸின் மனைவி நஸீரா எழுந்து வந்தார். கையில் கத்தரிக்கோல்.

"தச்சது நான்தானே, நானே வெட்டுறேன்" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் சர்ரென்று கிழித்தும்விட்டார்.

வாலின் அடிப்பக்கத்துக் குழாய் துருவேறிப் புற்று வைத்தது போலிருந்தது. உடையப்பன் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்த, முனை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போயிற்று. கௌஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வால் வானத்தில் கழன்றிருந்தால் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

"மழையே இல்லாத ஊர்ல தண்ணி எங்கேர்ந்துப்பா வந்துச்சு?" என்றார் கௌஸ்.

"ஏசிய எப்ப நிறுத்துவீங்க?"

"சாயங்காலம். அப்புறம் கடல்காத்து வரட்டும்னு கதவைத் திறந்து விடுவேன்."

"அங்கதான் வெனை. இரும்பு சில்லுனு இருக்கு, வெளிக்காத்து வெந்நி மாதிரி வருது. உடனே வேர்த்துக் கொட்டும். அம்புட்டும் வழிஞ்சு வால்ல போய் நின்னுக்கும். போதாததுக்கு அது உப்புக் காத்து."

அடுத்த ஏழு வெள்ளிக்கிழமையும் உடையப்பன் அங்கேதான் இருந்தார். பெயிண்ட் பிரஷை மறந்து, துரு வேட்டைக்கு இறங்கினார். துணி முழுவதும் பிரிந்தது. கிளப் வெல்டர் கெட்ட குழாயை அறுத்துப் புதியது பொருத்தினார். உள்ளே துரு ஏறாமலிருக்கக் குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, குலுக்கி, வடித்து, துளையை அடைத்தார்கள். வெளியே துருவைத் தடுக்கும் ப்ரைமர் இரண்டு கை. கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்ட கௌஸை, "கைவேர்வையும் உப்புத்தான் பாய்!" என்று உடையப்பன் அதட்டினார். நஸீரா மறுபடி தைத்த துணியில், வாலின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய நாலு ஓட்டை விட்டார்கள். ஏசிக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வந்தது. தினமும் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் காட்டி அது எல்லோரையும் அசத்தியது.

பெயிண்டும் அடித்து, பரிசோதனையும் முடிந்தது. குளிர்காலத்தில் கௌஸ் தனியாகப் பலமுறை பறந்தார். பிறகு ஒருநாள் பக்கத்து சீட்டைத் தட்டி, "ஏறுப்பா" என்றார்.

முதல் ஐந்து நிமிஷம் உடையப்பன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கடல் பச்சையாக விரிந்து கிடந்தது. சிரிப்பு தானாக வந்தது. வளைந்து திரும்பும்போது கீழே அவர் தங்கியிருந்த லேபர் கேம்ப் தெரிந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடி முழுக்க செக்கச்செவேலென்று துரு.

"அடப்பாவிகளா! மூணு வருஷமா அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறேன்!" என்று எஞ்சின் இரைச்சலை மீறிக் கத்தினார்.

கௌஸ் சிரித்த சிரிப்பில் விமானம் கொஞ்சம் ஆடியது. இறங்கியதும் உடையப்பன் டீகூடக் குடிக்காமல், மிச்சமிருந்த ப்ரைமரை வாங்கிக்கொண்டு கேம்ப்புக்கு வண்டி ஏறினார்.