ஃபிளிப்பரா, ஸ்லிப்பரா

நாளை என் ஆறு வயது மகளை நீச்சல்குளத்தின் ஆழமான பக்கம் இறக்குகிறார்களாம். அவள் காலில் மாட்ட வாங்கிய, துடுப்பு போன்ற ஃபிளிப்பரைப் பிரித்ததும் எழுந்த ரப்பர் வாசனை, மேற்கு மாம்பலத்தில் இன்று அடுக்குமாடி நிற்கும் சின்ன வயதில் நான் கிரிக்கெட் ஆடிய காலிமனைக்கு, வெயிலில் சூடேறிய ரப்பர் பந்தை விரலால் சொடுக்கிச் சொடுக்கி வீசும் எதிர்வீட்டு சுதா அக்காவிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது.

"இப்போ ஃபிளிப்பர் போடுறேன் பாரு" என்றாள் ஒருநாள். அது தரையோடு சறுக்கி வரும் பந்துக்குப் பெயர் என்று தெரியாமல், காலில் இருப்பதைக் கழற்றி அடிக்கப் போகிறாள் என்று மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏய் லூசு, ஸ்லிப்பர் இல்லடி! பந்துடி, பந்து!"

வெட்கத்தோடு திரும்பி வந்து நின்றேன். அடுத்த பந்திலேயே செங்கல் ஸ்டம்ப் சாய்ந்தது. அவுட்டான பிறகும், "இன்னொண்ணு போடுக்கா" என்று கெஞ்சினேன்.

"இன்னும் ஒரு மாதம் போகட்டுமே" என்று மகளின் நீச்சல் பயிற்சியாளருக்கு எழுதி, அனுப்பாமல் போனில் வைத்திருந்ததை அழித்தேன். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டு அனுப்பினேன்.