குதிப்பவருக்குக் கீழே

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளம் போடுகிற அறையைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. அரங்கத்தில் எல்லோருக்கும் அவர் மெத்தைதான். "மெத்தை வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பீக்கர்காரர்கள்கூட ஒயரைச் சொருகுவார்கள். மேலே இருந்து விழுகிறவர்கள் அவர் மேல் வந்து விழுவதால் வந்த பெயர். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேடைக்கு முன்னால் மார்பளவு உயரத்துக்கு இரும்புத் தடுப்பு. தடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடக்கிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்தில், மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு சூடு பிடித்தால் ஜனங்கள் ஒருவரையொருவர் தலைக்கு மேல் தூக்கி முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்படி வந்து சேருகிறவரை அக்குளில் கை கொடுத்து இறக்கி, பக்கவாட்டு வழியாக அனுப்பிவைக்க வேண்டும். பகலில் மெத்தைக்கு வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் பீரோ தூக்குகிற வேலை. இரண்டும் ஒன்றுதான், பீரோ உதைக்காது என்பதைத் தவிர. முன்பல் ஒன்று யாரோ ஒரு பையனின் பூட்ஸோடு போய்விட்டது. பையன் நல்லவன், திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டான். பல்லைத் தேடவும் உதவினான்.

மேடைக்கு முதுகு காட்டியே நிற்பதால் மெத்தைக்கு எல்லாப் பாட்டும் தெரியும், பாடுகிறவர் ஒருவரையும் தெரியாது. மேடையில் நடப்பதையெல்லாம் அவர் ஜனங்களின் முகத்தில்தான் பார்ப்பார். முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் லேசாக நிமிர்ந்து, போன்கள் உயர்ந்து, முன் வரிசைக் கால்கள் நிலைகொள்ளாமல் தவித்தால், யாரோ மேடை விளிம்புக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். குதிக்கப் போகிறார்.

குதித்தால் என்னென்ன ஆகும் என்று அரங்க வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கழுத்து முறியலாம், முதுகெலும்பு போகலாம், உங்கள் பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பு. எல்லாம் சரி. சிவனே என்று கீழே நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் கழுத்தைப் பற்றிப் பலகையில் ஒரு வார்த்தை கிடையாது. எழுதினவர் பால்கனியில் உட்கார்ந்து பார்க்கிறவராக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பலகையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மெத்தை அப்படி இல்லை, அதைத் தாண்டித் தினம் பேசாமல் போவார்.

பேசாமல் போவதற்கு அவருக்குத்தான் உரிமை குறைவு. ஏனென்றால் கீழே நின்ற அந்தக் கழுத்து அவர் மனைவியுடையது.

அது கல்யாணத்துக்கு முந்திய கதை. அப்போது அரங்கத்தில் தடுப்பும் இல்லை, சந்தும் இல்லை. பாடகர் ஒருவர் புகழின் உச்சியில் இருந்தார். கடைசிப் பாட்டில் ஓடி வந்து கூட்டத்தின் மேல் பாய்வது அவர் வழக்கம். ஒரு நாள் பாய்ந்தார், ஜனங்கள் விலகினார்கள், கல்லூரிப் பெண் ஒருத்தி விலகவில்லை. எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று மறுநாள் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பாடகர் விழ மட்டும் எப்படியோ இடம் கிடைத்திருந்தது. அதற்கப்புறம்தான் நிர்வாகம் விழித்துக்கொண்டு தடுப்பு போட்டது, ஆள் எடுத்தது. எடுத்த ஆட்களில் ஒருவர் மெத்தை.

அந்தப் பெண் சும்மா இருந்தாளா? கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்கே வந்து முன்னால் நின்றாள். கழுத்துப் பட்டை போட்டவரால் நிமிர்ந்து மேடையைப் பார்க்க முடியாது, நேராகத்தான் பார்க்க முடியும். நேராக இருந்தவர் மெத்தை. மெத்தைக்கும் கூட்டத்தைப் பார்ப்பதுதான் வேலை. மூன்று மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றால் கல்யாணத்தில் முடியாமல் வேறு எதில் முடியும்?

பட்டை போய்விட்டது, கழுத்து சரியாகவில்லை. இடது பக்கம் திரும்பாது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் மனைவிக்கு வேலை. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் சுழல் நாற்காலியோடு மொத்தமாகத் திரும்புவார், மகாராணி மாதிரி. பயந்து கேள்வியையே மறந்து போனவர்கள் உண்டு. "யாருன்னு நினைச்சீங்க, என் கழுத்து மேல விழுந்தவரு சாதாரண ஆளா?" என்று பாடகரின் பெயரைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார். காலையில் எழுந்து உட்காரவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்ததையும், வெந்நீர்ப் பை வைத்த பிறகுதான் தலை சீவ முடிந்ததையும் கவுன்ட்டரில் சொன்னதில்லை. இன்னொரு அடி அதே இடத்தில் பட்டால் கை இரண்டும் வராமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னதில்லை. அது மெத்தைக்குத் தெரியும். பீரோ தூக்கும்போதுகூட அது அவர் நினைவில் இருந்துகொண்டே இருக்கும்.

இப்படி இருக்கையில் பாடகர் திரும்பி வருகிறார் என்று போஸ்டர் ஒட்டினார்கள். பல வருஷம் பாடாமல் இருந்தவர். கடைசிப் பாட்டில் பழையபடி பாய்வார் என்று போஸ்டரிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மனைவி முதல் நாளே முன் வரிசை டிக்கெட்டோடு வந்து நின்றார்.

"நீ பால்கனியில உக்காரு. நான் டிக்கெட்டை மாத்தித் தரேன்," என்றார் மெத்தை.

"பால்கனியில உக்காந்தா குனிஞ்சு பாக்கணும். எனக்கு வளையாதுங்க."

"சரி, பின்னாடி நில்லு."

"பின்னாடி நின்னா தலைக்கு நடுவுல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும். எனக்குத் திரும்பாது. முன் வரிசைதான் என் கழுத்துக்கு நல்லது."

வியாபாரம் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

"மறுபடியும் விழுந்துட்டாருன்னா? டாக்டர் என்ன சொன்னாருன்னு மறந்துட்டியா?"

"தடுப்பு இருக்கு, நீங்க இருக்கீங்க. வாழ்க்கையில எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் போகாதேன்னா எப்படி?"

"அப்ப நான் அவருகிட்டப் போய்ப் பேசறேன்."

"தாராளமாப் பேசுங்க. ஆனா என் கழுத்தைப் பத்தி மூச்சு விடக் கூடாது. பாவம், மனசு ஒடிஞ்சு போயிடுவாரு."

நிகழ்ச்சி அன்று மதியமே மெத்தை ஒப்பனை அறைக் கதவைத் தட்டினார். அறை முழுக்கத் தைல வாசனை. பாடகரைக் குப்புறப் படுக்க வைத்து ஒருவர் முதுகை நீவிக்கொண்டிருந்தார். பாடகர் இப்போது பழைய பாடகரைப் போல ஒன்றரை மடங்கு இருந்தார். ஆனால் தங்கமான மனிதர். படுத்தபடியே கை கூப்பினார்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் குதிக்காம விட்டுடுங்க," என்றார் மெத்தை.

"ஏண்ணே?"

"அன்னிக்கு உங்க ஆளுங்களுக்கு இருபது வயசு. இப்ப பாதிப் பேருக்கு முட்டி வலி. மீதிப் பேரு ரெண்டு கையிலயும் போனைத் தூக்கிப் பிடிச்சிருப்பாங்க. போனைப் போட்டுட்டு உங்களைப் பிடிப்பாங்களா?"

பாடகர் இதை உண்மையாகவே கொஞ்சம் யோசித்தார். மூலையிலிருந்த மேனேஜர்தான் முந்திக்கொண்டார். "போஸ்டர்ல போட்டாச்சுங்க. ஒரே ஒரு குதி."

"என் ஜனங்க என்னைக் கீழ விட்டதே இல்லண்ணே," என்றார் பாடகர், பெருமையாக. "நீங்க கவலைப்படாதீங்க. தப்பித்தவறி விழுந்தாலும் அடி எனக்குத்தானே?"

மெத்தைக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து விழுங்கிக்கொண்டார். அவர் விழுங்கியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

மாலை வெயில் இறங்கும் முன்பே நிகழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது. முன் வரிசையில் நட்டநடுவே மனைவி. அவருக்கு நேர் எதிரே, தடுப்புக்கு இந்தப் பக்கம், மெத்தை. சந்தில் கூட நின்ற நெட்டை ஆள், எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவர், "என்ன மெத்தை, இன்னிக்கு வீட்டம்மாவைக் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே சம்பளமா?" என்று சீண்டினார். மெத்தை சிரிக்கவில்லை. மனைவி எல்லாப் பாட்டுக்கும் வாயசைத்துக்கொண்டு, கல்லூரிப் பெண் மாதிரி நின்றார். இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மெத்தை நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு. முகங்கள் உயர்ந்தன. போன்கள் உயர்ந்தன. பின்னால் மேடைப் பலகை தடதடவென்று அதிர்ந்தது. முன் வரிசையில் எல்லோரும், பக்கத்து ஆள் பிடித்துக்கொள்வார் என்ற முழு நம்பிக்கையோடு, ஆளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, நம்பிக்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததுதான் கோளாறு. நகராமல் நின்றது ஒருவர் மட்டுமே. அவர் கையில் போனும் இல்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி, பாடகரை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

மேடைப் பக்கம் திரும்பக் கூடாது, பாய்கிறவருக்குக் குறுக்கே போகக் கூடாது என்பதெல்லாம் அந்த வேலையின் சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு மெத்தைதான் அதைச் சொல்லிக்கொடுப்பார். மெத்தை தடுப்பின் அடிப்பலகையில் ஏறித் திரும்பி, மனைவியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாடகரை மேடையில் நேருக்கு நேர் பார்த்தார். பார்த்ததில் பெரும்பகுதி செருப்பின் அடிப்பாகம்.

இருவரும் சந்துக்குள் விழுந்தார்கள். மெத்தை கீழே, பாடகர் மேலே. தோள்பட்டை எலும்பு ஒடிந்த சத்தம் மெத்தைக்கு மட்டும் கேட்டது. மேடையில் டிரம்ஸ் அடிக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். பாடகர் எழுந்தார், தன் கைகாலைத் தடவிப் பார்த்தார், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மைக்கோடு கையை உயர்த்தினார். அரங்கமே ஆர்ப்பரித்தது. மேடையில் திரும்ப ஏற அவர் காலால் ஒரு படியைத் துழாவினார். காலுக்கு அகப்பட்டது மெத்தையின் இடுப்பு.

தடுப்புக்கு மேலிருந்து ஒரு கை வந்து பாடகரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"லவ் யூ அக்கா," என்றார் பாடகர், பழக்க தோஷத்தில்.

"கீழ பாருடா."

மைக் திறந்திருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. டிரம்ஸ் நின்றது.

"யாரு மேல விழுந்திருக்கேன்னு பாரு. அன்னிக்கும் நீ பாக்கல. என் மேல விழுந்து எழுந்திருச்சுப் போய் மிச்சப் பாட்டைப் பாடினே. இத்தனை வருஷமா அதை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், பைத்தியக்காரி. இன்னிக்கு என் புருஷன் கிடக்கறாரு. அவரைப் பாத்துட்டு அப்புறம் மேல ஏறு!"

அவர் கழுத்து வளையாததால் இடுப்பிலிருந்து மொத்தமாகச் சாய்ந்து, தடுப்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சார், நீங்க பாட்டை முடிங்க," என்றார் மெத்தை, தரையிலிருந்து.

"நீங்க வாயை மூடுங்க!"

பாடகர் கீழே பார்த்தார். மெத்தையின் இடுப்பிலிருந்து காலை எடுத்தார். சந்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"எங்கண்ணே வலிக்குது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் மேலே விழுந்த யாரும் மெத்தையிடம் கேட்காத கேள்வி. தடுப்பில் தொங்கிக்கொண்டிருந்த மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"அவளைக் கேளுங்க சார். அவளுக்குத்தான் ரொம்ப வருஷமா வலிக்குது."