பொம்பர் வந்த நாள் வறுத்த கோப்பி

கோப்பி வறுக்கிறவன் கடைசி ரெண்டு நிமிசம் தாச்சியை விட்டு அசையேலாது. எங்கடை காலத்திலை குண்டு போடுற பொம்பர் பிளேன் வாறதும் அந்த ரெண்டு நிமிசத்திலைதான்.

உங்களிலை அடுப்புக்கு முன்னாலை நிண்டு ஏதாவது வறுத்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மிளகாய் வறுக்கேக்கை படலையடியிலை ஆரோ வந்து கூப்பிட்டால் என்ன நடக்கும்? அதுதான் கோப்பிக்கும். என்ன, என்னைப் படலையடியிலை நிண்டு கூப்பிடேல்லை, மேலை நிண்டு கூப்பிட்டாங்கள். தாச்சியை விட்டிட்டு நிலத்துக்குக் கீழை வெட்டின பங்கருக்கு ஓடுறதோ, உயிர் போனாலும் தாச்சியோடை நிக்கிறதோ எண்டு நாலைஞ்சு வருசமா நான் அந்தரப்பட்ட கதைதான் இது.

ஆலையிலை தெரியாத மணம்

யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு கோப்பி ஆலையிலை பதினொரு வருசம் வேலை செய்தனான். கொட்டை மூட்டை மூட்டையா வரும். உருளையிலை போட்டு வறுப்பம், மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் கலந்து அரைப்பம். சட்டையிலை ஒட்டிக்கொண்டு வீட்டை வாற மணத்தைத்தான் கோப்பி மணம் எண்டு நினைச்சிருந்தன். தொண்ணூறிலை சண்டை திரும்பத் துடங்க, கரண்டும் நிண்டு, டீசலும் நிண்டு, ஆலையைப் பூட்டிப்போட்டினம். நான் கோப்பாயிலை வீட்டோடை. எனக்குச் சும்மா இருக்க ஏலாது. வேலியைக் கட்டுவன், கட்டினதை அவிட்டுத் திருப்பிக் கட்டுவன். என்ரை மனுசி பாக்கியத்துக்கு என்னைப் பாக்கவே விசர் வந்திட்டுது.

பேந்து ஒரு சிநேகிதன், ரோட்டுப் பாதை பூட்டினதாலை, கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வரேக்கை அஞ்சு றாத்தல் மாத்தளைக் கொட்டை கொண்டுவந்து தந்தான். அஞ்சையும் ஒண்டாப் போட எனக்குப் பயம். கருகினால் வேறை கொட்டைக்கு எங்கை போறது? ஒரு றாத்தலை மாத்திரம் தாச்சியிலை போட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பிலை மெல்ல மெல்லக் கிளறினன். பச்சைக் கொட்டை மஞ்சளாகி, மண்ணிறமாகி, படபடவெண்டு வெடிக்கத் துடங்கிச்சுது. உரலிலை இடிச்சு, மல்லி கில்லி ஒண்டும் சேக்காமல் ஊத்தினன். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்சம். பாக்கியம் பேணியைக் கீழை வைச்சிட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்துக் கேட்டா: "இஞ்சருங்கோ, பதினொரு வருசமா ஆலையிலை இருந்து நீங்கள் கொண்டுவந்தது அப்ப என்ன?"

தண்ணிச் சோதனை

அண்டைக்குத் துடங்கினதுதான் வீட்டு வறுவல். கிழமையிலை ரெண்டு மூண்டு தரம், ஒரு தரத்துக்கு ஒரு றாத்தல், அதுக்கு மேலை இல்லை. முடிய முடிய அந்தச் சிநேகிதன்தான் வள்ளத்திலை கொட்டை கொண்டுவந்து தருவான். சனம் மணத்துக்குத்தான் வந்தது. நான் விளம்பரம் செய்யேல்லை, புகை செய்தது.

அந்த நேரம் ஊரிலை கோப்பி எண்டு சொல்லி வறுத்த உளுந்து, சோளம், புளியங்கொட்டை எல்லாம் வித்தவை. அதாலை ஆரும் ஆரையும் நம்பேல்லை. அடுத்த ஒழுங்கையிலை இருந்த தங்கரத்தினம் ரீச்சர் கணக்குப் படிப்பிக்கிறவ. முதல் நாளே ஒரு கிளாசிலை பச்சைத் தண்ணியோடை வந்து நிண்டா. நல்ல கோப்பித் தூள் தண்ணியிலை மிதக்கும், கலப்படம் கீழை இறங்கும். வந்து நிண்ட நாலு பேருக்கு முன்னாலை தூளைக் கிள்ளிப் போட்டிட்டு மணிக்கூட்டைப் பாத்தா. கலந்தனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. தூள் இறங்கேல்லை. எனக்குச் சிரிப்பு வந்ததை அவ கண்டிட்டா. "மிதக்குதுதான் தம்பி, ஆனால் நீர் சிரிக்காதையும், நான் ஒவ்வொரு முறையும் பாப்பன்" எண்டா.

கருகின றாத்தல்

கொட்டை வெடிச்சு முடியிற நேரம் ஒரு நாள் பொம்பர்ச் சத்தம் கேட்டுது. கிணத்தடியிலை தென்னங்குத்தி போட்டு மண்மூட்டை அடுக்கின பங்கர் எங்களுக்கு இருந்தது. குருநகரிலை இருந்து இடம்பெயந்து பக்கத்து வீட்டிலை தங்கியிருந்த அருளப்பு அண்ணையும் அதுக்குள்ளைதான் வாறவர். நான் அகப்பையை எறிஞ்சுபோட்டு ஓடினன். உள்ளுக்கை இருந்தாலும் மனம் அடுப்படியிலை. எல்லாரும் குண்டுச் சத்தத்துக்குக் காது குடுக்கினம், நான் புகை மணத்தைப் பிடிக்கிறன். இப்ப மண்ணிறம் தாண்டியிருக்கும், இப்ப எண்ணெய் கக்கும், இப்ப போச்சுது. "ஏன் இப்பிடிப் பதகளிக்கிறியள்?" எண்டு பாக்கியம் பேசினா.

வெளியிலை வந்து பாத்தால் கொட்டை எல்லாம் கறுத்து, எண்ணெய் மினுங்கிக்கொண்டு கிடக்கு. பாக்கியம் வாழையடியிலை கொட்டப் போனா. மனம் கேக்காமல் இடிச்சு, அருளப்பு அண்ணைக்கு ஒரு பொட்டலம் சும்மா குடுத்தன். கடல் மனுசன், சீனி பனங்கட்டி ஒண்டும் இல்லாமல் வெறுங்கோப்பி குடிக்கிறவர். அடுத்த நாள் விடியவே வேலிக்கு மேலாலை தலையை நீட்டினார். "தம்பி, இனிமேல் பொம்பர் வராட்டியும் எனக்கு உப்பிடியே வறுத்துத் தாரும்."

மூண்டு பதம்

அருளப்பு அண்ணையின்ரை வாய் சும்மா இருக்குமே? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். பேந்து வாறவை எல்லாம் பதம் கேக்கத் துடங்கிச்சினம். நான் பங்கருக்கு ஓடிப்போட்டு வந்து பாத்த நாள் கருகினது பொம்பர்க் கோப்பி. ஹெலிகொப்டர் தூரத்திலை சுத்தேக்கை அவசரப்பட்டுக் கெதியா இறக்கினது ஹெலிக் கோப்பி, அது நடுத்தரம். ஒரே கொட்டை, ஒரே தாச்சி, குடிக்க மூண்டும் மூண்டு விதம். ஆலையிலை இருந்திருந்தால் இது எனக்குச் சாகுமட்டும் தெரிஞ்சிருக்காது.

மூண்டாவது பதம் ரீச்சருக்குப் பிடிச்ச இளவறுவல். அதுக்குக் கொட்டையைப் பாத்துக்கொண்டே இருந்து, சரியான கணத்திலை சுளகிலை கொட்டவேணும். ஒரு கண் தாச்சியிலை, ஒரு காது மேலை எண்டு இருக்கிறவனுக்கு அது லேசிலை வராது. மூண்டு முறை தவறவிட்டன். நாலாவது முறையும் ரீச்சர் வந்து, கிளாசைச் சீலைத் தலைப்பாலை துடைச்சுக்கொண்டு சொன்னா: "ஒரு சத்தமும் இல்லாத நாள் வந்தால் சொல்லியனுப்பும் தம்பி, நான் பேணியோடை வாறன்."

தாச்சியும் பங்கரும்

ரீச்சர் சொன்னது எனக்குள்ளை குடைஞ்சுகொண்டு கிடந்தது. அந்த மனுசிக்கு ஒரு றாத்தலாவது சரியா வறுத்துக் குடுக்கவேணும் எண்டு பிடிவாதம் பிடிச்சிட்டுது. அடுத்த முறை சத்தம் கேக்க, தாச்சியைப் பழந்துணியாலை பிடிச்சுத் தூக்கிக்கொண்டு பங்கருக்கை இறங்கினன். சூட்டுத் தாச்சிக்குள்ளை கொட்டை இன்னும் வெடிக்குது. புகை போக வழியில்லை. இருமல் எண்டால் இருமல், கண்ணிலை தண்ணி. நான் மூலையிலை குந்தி இருந்து கிளறுறன். அருளப்பு அண்ணை மூக்கைச் சாரத்தாலை பொத்திக்கொண்டு சொன்னார்: "உவன் மேலை சுத்துறவன் குறி தப்பினாலும் தப்புவான் தம்பி, நீர் குறி தப்பமாட்டீர்."

நெருப்புக்கு அந்தப் பக்கம்

அதுக்குப் பிறகு பங்கருக்கை தாச்சி கொண்டுவரக் கூடாது எண்டு பாக்கியம் சொல்லிப்போட்டா. சரி, அப்ப நான் வரேல்லை எண்டு நானும் சொல்லிப்போட்டன். வாய்க்கு வந்ததுதான், ஆனால் சொன்னதைச் செய்தன். ரெண்டு முறை எல்லாரும் உள்ளுக்கை இருக்க, நான் வெளியிலை அடுப்போடை நிண்டன். ரெண்டு முறையும் குண்டு எங்கையோ தூரத்திலை விழுந்தது, வேறை ஆக்களுக்குப் போட்ட கொட்டையும் நல்லா வந்தது. நான் பெரிய ஆள் மாதிரி அருளப்பு அண்ணைக்குப் புழுகிக்கொண்டு திரிஞ்சன். பாக்கியம் சோறு போட்டுத் தருவா, கதைக்கமாட்டா. ஒரு கிழமை அப்பிடிப் போச்சுது.

மூண்டாம் முறை ரீச்சரின்ரை றாத்தல் தாச்சியிலை. கொட்டை வெடிச்சு ஓய, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்க, சத்தம் துடங்கிச்சுது. வழக்கமான சத்தம் இல்லை, தாழப் பதிஞ்சு வாற சத்தம். பங்கருக்கை இருந்து அருளப்பு அண்ணை கத்துறது கேக்குது. பாக்கியம் உள்ளை போயிட்டா எண்டு நினைச்சன். பாத்தால் அடுப்படிக்குள்ளை இருந்து பலகைக்கட்டை ஒண்டைக் கொண்டுவந்து, நெருப்புக்கு அந்தப் பக்கம் போட்டிட்டு, எனக்கு நேரா இருக்கிறா. "என்ன விசர் வேலை, ஓடும் உள்ளை" எண்டு கத்தினன். அவ சுளகை எடுத்து மடியிலை வைச்சா. "நீங்கள் கிளறுங்கோ, பதம் வரட்டும், ரெண்டு பேருமாப் போவம்" எண்டா. எனக்குக் கோபம் கோபமா வந்தது, பயம் அதைவிடக் கூட. இவ்வளவு நாளும் நான் வெளியிலை நிக்கேக்கை உள்ளுக்கை இருந்து அவ என்ன பாடுபட்டிருப்பா எண்டு அந்த நிமிசம்தான் எனக்கு உறைச்சுது. அகப்பை எங்கை விழுந்தது எண்டு தெரியாது. கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினன்.

குண்டு ரோட்டுக்கு அங்காலை தோட்டத்துக்குள்ளை விழுந்தது. பங்கர் குலுங்கி, மண் தலையிலை கொட்டுண்டது. வெளியிலை வர அரை மணித்தியாலம் ஆச்சுது. ஒரு உயிருக்கும் சேதமில்லை, அடுப்படிக் கூரையிலை நாலு ஓடு போயிருந்தது. தாச்சியிலை கிடந்தது தனிக் கரி. அருளப்பு அண்ணையே ஒரு கொட்டையைக் கடிச்சுப் பாத்துத் துப்பிப்போட்டார். பின்னேரம் கிணத்தடியிலை தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக்கொண்டிருந்த பாக்கியத்தைக் கேட்டன், நான் எழும்பி ஓடாட்டில் நீர் உண்மையா அங்கையே இருந்திருப்பீரோ எண்டு. அவ தேய்க்கிறதை நிப்பாட்டேல்லை. "தெரியாது, நீங்கள் எழும்பாட்டில்தான் தெரிஞ்சிருக்கும்" எண்டா.

அண்டையிலை இருந்து சத்தம் கேட்ட உடனை தாச்சியை விட்டிட்டு ரெண்டு பேருமா ஓடுவம், என்ரை கோப்பி ஒரு நாளும் சொன்ன பதத்திலை வரேல்லை, எங்கடை வீட்டிலை அதுக்கு ஒருத்தரும் குறை சொன்னதும் இல்லை.