'இகா'வில் முடியணும் டீச்சர்!

போன வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன பிளவுஸ் என்ன ஆச்சு என்று கேட்கத்தான் பொன்னிக்கு போன் போட்டேன்.

"அது கெடக்கட்டும் டீச்சர். 'இகா'ன்னு முடியிற மாதிரி பொம்பளப்புள்ள பேரு பத்து எழுதிக் குடுங்க... அர்த்தத்தோட!"

பொன்னி, திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில் தையல் கடை வைத்திருப்பவள். பன்னிரண்டு வருடமாக எனக்குத் தைக்கிறாள். நான் டீச்சர் இல்லை. பத்திரிகையில் எழுதுகிற பொம்பளை டீச்சராகத்தான் இருக்க முடியும் என்பது அவளுடைய தீர்மானம். நானும் திருத்தவில்லை. டீச்சர் என்றாலாவது சொன்ன தேதிக்குத் தருவாளோ என்று ஒரு நப்பாசை!

அவள் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சின்னாளபட்டியில் பேர் வைக்கிறார்கள். தம்பி மனைவி சரண்யாவுக்கு 'இகா'வில் முடிகிற பெயர்தான் வேண்டுமாம். அவளுடைய அக்கா பிள்ளைகள் தன்விகா, ருத்விகா.

இப்போது தெருவுக்கு நாலு 'இகா' இருக்கிறார்கள். ஆனால் இது என்ன புதுசா? நம் மல்லிகாவும் சந்திரிகாவும் அம்பிகாவும் அந்தக் காலத்திலேயே இதே வாலோடு பள்ளிக்கூடம் போனவர்கள்தானே? அர்த்தம் பார்க்கலாம் என்று செல்போனைத் தட்டினால், எந்தப் பெயரைக் கேட்டாலும் 'பிரகாசமானவள்' என்கிறது. இத்தனை பேர் பிரகாசித்தால் ஊரில் கரண்ட் பில்லே வராதே!

கடைசியில் அகராதியை எடுத்தேன். சம்ஸ்கிருதத்தில் இந்த 'இகா' பல இடங்களில் 'சின்ன' என்று செல்லம் கொஞ்சுகிறது. லதா என்றால் கொடி, லதிகா என்றால் சின்னக் கொடி. கீதம் பாட்டு, கீதிகா குட்டிப் பாட்டு. பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்கே போய்விட்டேன்.

"சின்னதா? அப்ப எங்க அக்கா பேருதான். சின்னப்பொண்ணு!" என்று சிரித்தாள் பொன்னி.

"உங்க வீட்ல எல்லாருக்கும் 'பொண்ணு'ன்னுதான் முடியுமா?"

"ஆமா டீச்சர். மூத்தவ தங்கப்பொண்ணு. அடுத்தவ அழகுப்பொண்ணு. அப்பறம் சின்னப்பொண்ணு. நாலாவதா நான்..." மெஷினை நிறுத்தினாள். "போர்டுலதான் பொன்னி. ரேஷன் கார்டுல போதும்பொண்ணு."

எங்கள் பக்கத்தில் வரிசையாகப் பெண் பிறந்தால், கடைசியாகப் பிறந்தவளுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. சாமிக்கு மனு எழுதுகிறார்கள், அதை ஒரு குழந்தையின் மேல் எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டு வருடம் அளவு கொடுத்தும், அவள் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"அஞ்சு வருசம் கழிச்சுத் தம்பி பொறந்தான். பேரு பலிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுச்சு" என்றாள்.

பேச்சை மாற்ற நினைத்து, "அத்தைதானே காதுல மூணு தடவ பேர் சொல்லணும்? நீதானே சொல்லப்போற?" என்றேன்.

"கேட்டாக. நான் மாட்டேன்னுட்டேன். தங்கக்கா சொல்லட்டும்."

"ஏன்?"

"பொம்பளப்புள்ள வேணாம்னு வச்ச பேரு டீச்சர் எம்பேரு. அத வச்சுக்கிட்டு ஒரு பச்சப்புள்ள காதுல நான் போயி வாய வைக்கிறதா? ஆச இல்லாமயா... தம்பிய இடுப்ப விட்டு எறக்காம வளத்தவ நான். ஆனா, புள்ளைக்கு ஆகாது."

என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். அவள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னாளபட்டிக்குப் போனேன். கூடத்தில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. பொன்னியை மட்டும் காணோம். அடுப்படியில் உட்கார்ந்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு காய் எடுத்து நார் உரித்தேன்.

செத்த நேரத்தில் அவள் தம்பி உள்ளே வந்தான். கையில் குழந்தை. பின்னாலேயே சரண்யா. அரிவாள்மணையை நகர்த்திவிட்டு அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஒனக்கு அந்தப் பேர வச்சதே நான் வரணும்னுதானக்கா? இம்புட்டு வருசமா அத நீதான சுமக்குற? எம்மகளுக்கு நீ பேரு சொல்லலேன்னா, அவ பேரில்லாமயே கெடக்கட்டும்."

"ஆமா அண்ணி" என்றாள் சரண்யா. குழந்தையை வாங்கிப் பொன்னியின் மடியில் வைத்தாள்.

பொன்னி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தது போதாமல் இன்னொரு தடவையும் துடைத்தாள். பிறகு குனிந்தாள்.

"லதிகா... லதிகா... லதிகா..."

மூன்று முடிந்தது. அவள் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்ததால், அடுத்துச் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒன்னய ஆசப்பட்டுப் பெத்துருக்காகடி."

பொன்னியின் காதில் யாருமே சொல்லாத வார்த்தை அது. நான் அழுதேன். அவரைக்காய் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வராது என்பதால், மறைக்கவும் வழியில்லை.

பிளவுஸ்? நேற்று கேட்டேன். "மருமகளுக்குக் கவுன் தைச்சுக்கிட்டு இருக்கேன் டீச்சர், செத்த பொறுங்க" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தாமதத்துக்கு அவள் சொன்ன காரணத்தை நம்பினேன்!