கொழுப்பு காயும் வாடை

விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்துபோனதும், பக்குரங்கா என்ற இன்னொரு புறநகரில் ஒரு மீன் பொரிக்கும் கடையில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மன்னாரில் கடல், சென்னையில் கட்டட வேலை, மலேசியாவில் உணவகம் என்று அலைந்ததில் எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. இங்கேயும் கோடை முடியும்வரை என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைக்காரர் யோர்க்‌ஷயரிலிருந்து கடல் கடந்து இங்கே வந்த வெள்ளைக்காரக் கிழவர். மனைவி இறந்தபின் கடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே தனியாக வசித்தார். மற்றக் கடைகள் எண்ணெய்க்கு மாறிவிட்டன. இவர் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார். வெள்ளைக் கட்டி சட்டியில் உருகும்போது குனிந்து முகர்ந்து, வாடையை வைத்தே சூட்டைச் சொல்லுவார். சட்டியின் வெப்பமானி பழுதாகிக் கிடந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. நாலு மணிக்குத் தேநீர். அதை ஊற வைப்பதை அவர் ஊரில் ‘மாஷ்’ பண்ணுவது என்பார்களாம். கறுக்கும்வரை ஊறவிட்டுப் பிறகு பால் ஊற்றுவார். இரவுச் சாப்பாட்டுக்கும் ‘டீ’ என்றே பெயர். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே சிப்ஸை வைத்து அமுக்கி எனக்குத் தந்தார், அது ‘பட்டி’. பசிக்கு நல்ல சாப்பாடு.

சிப்ஸ் பொதி கட்டுவதற்கு மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வருவாள். மாட்டுக் கொழுப்பு என்பதால் கையுறையைக் கழற்றவே மாட்டாள். தன் சாப்பாட்டைப் பின்சந்தில் நின்றுதான் சாப்பிட வேண்டும். அவளுடைய குழம்பு வாடை மீனையே கெடுக்கும் என்று கிழவர் போட்ட சட்டம் அது.

கிழவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. கோவிட்தான். அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் அவள் உள்ளேயே சாப்பாட்டைத் திறந்தாள். கிழவர் பக்கத்தில் நின்று தபாலைப் பிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் துணிந்து கருவாட்டுக் குழம்பே கொண்டுவந்தாள். அதற்கும் பேச்சில்லை.

“பாத்தீங்களாண்ணே, பெரியவரு மனசு மாறிட்டாரு.”

“ஓம், நாளைக்கு உங்கட கருவாட்டில அவரும் பங்கு கேப்பார்.”

“கேட்டா குடுப்பேன். அவரு பட்டியை மட்டும் எங்கிட்ட நீட்ட வேணாம்.”

சிரித்தோம். மனைவி போன தனிமை ஆளை இளக்கிவிட்டது என்று நானும் நம்பினேன்.

அந்த வாரமே ஒருநாள் தேநீரில் பால் இலேசாகக் கெட்டிருந்தது. கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் புளித்த வாடை அடித்தது, கீழே வைத்துவிட்டேன். அவர் முழுவதையும் குடித்துவிட்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டார். வயசு என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே வரிசை நிற்கும் நேரம். சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீனை மாக்கரைசலில் தோய்த்தபடி வாடிக்கையாளரோடு ரக்பி கதைத்துக்கொண்டிருந்தார். கொழுப்பிலிருந்து நீலமாகப் புகை எழுந்தது. கண் எரிந்தது. வரிசையில் நின்றவர்களே மூக்கைப் பொத்தினார்கள். அவர் கதையை நிறுத்தவில்லை. நான் பாய்ந்து காஸை மூடினேன். என் அடுப்பைத் தொட உனக்கு யார் சொன்னது என்று கோபித்தார். புகையைத் திரும்பிப் பார்த்தபின்தான் வாய் மூடியது.

கடை ஓய்ந்ததும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, அவருக்கு மனசு மாறல. மூக்கு போயிடுச்சு.”

நான் போய் நேரே கேட்டேன். காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை என்றார். யாரிடமும் சொல்லாதே என்றார். முகர முடியாதவனிடம் யார் மீன் வாங்குவார்கள்? கடையை மூடினால் தனக்கு வேறென்ன இருக்கிறது என்றும் கேட்டார்.  அன்றிலிருந்து கொழுப்பை நான் முகர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து மீனைப் போட்டார். கடையில் இருக்கும்வரை பயமில்லை. கடை பூட்டியபின் அந்த அறையில் அவரும் காஸ் அடுப்பும் மட்டும் இருப்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கோடை முடிந்தது. நான் போகவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் பின்கதவைத் திறந்தேன். காஸ் வாடை முகத்தில் அடித்தது. விளக்கைப் போடப் போன கையை இழுத்துக்கொண்டேன். உள்ளே அவர் இரவு உடுப்போடு அடுப்பின் முன் நின்றார். கேத்தலில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. பக்கத்து அடுப்பின் திருகு சரியாக மூடாமல் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. பெருவிரல் லைட்டரின் சக்கரத்தில் இருந்தது.

நான் கத்தவில்லை. நாலு எட்டில் போய் அந்த விரலோடு சேர்த்துக் கையைப் பிடித்தேன். திருகை மூடி, சன்னலைத் தள்ளித் திறந்து, அவரைச் சந்துக்கு இழுத்து வந்தேன். வெறுங்காலோடு தூறலில் நின்றார். 

எவ்வளவு நேரம் திறந்திருந்திருக்கும் என்று கேட்டார். அந்த அடுப்பில் இரவுச் சூப்புச் சட்டி அப்படியே இருந்தது, அதைச் சுடவைத்ததிலிருந்து என்றேன். மாடியில் ஒரு சிறிய அறை சும்மா கிடக்கிறது, வாடகை வேண்டாம், வந்து இருக்கிறாயா என்றார். இதுவரை யார் கேட்டும் நான் அப்படி ஓரிடத்தில் தங்க ஒத்துக்கொண்டதில்லை. காற்று அசையவில்லை, உள்ளே காஸ் இன்னும் போயிருக்காது. திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். சன்னல் திரை ஆடாமல் தொங்கியது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லி, அவருடைய லைட்டரை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.