பிளேன் பெரியப்பாவின் தராசு

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் பிளேன் பெரியப்பா. தொழில் என்னவோ தராசு ரிப்பேர். கடைத்தெருவில் பாதிக் கடைகளின் தராசு அவர் கைபட்டுத்தான் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் முப்பது வருடம் தராசைக் கட்டிக்கொண்டு அழுதவரை யாராவது தராசுப் பெரியப்பா என்று கூப்பிட்டார்களா? இல்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரே ஒரு முறை, ஒன்றேகால் மணி நேரம் விமானத்தில் பறந்தார். எங்கோ தொலைவில் ஓர் ஆலையில் லாரியோடு எடை போடும் தராசு திடீரென்று படுத்துவிட, ஆலைக்காரர்கள் அவசரத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துக் கூப்பிட்டார்கள்; திரும்பி வந்தது பஸ்ஸில். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார் மனிதர்.

வீட்டு ஷோகேஸில் அந்த போர்டிங் பாஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு நிற்கும். யார் வந்தாலும் அதன் பக்கமாகவே நாற்காலியைப் போடுவார். மேகம் எப்படி இருக்கும், இறங்கும்போது காது எப்படி அடைக்கும், தட்டில் என்னென்ன வைத்தார்கள் என்று ஆரம்பித்தால் வந்தவர் வந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். நமக்குள் இருக்கட்டும், அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது நடு சீட். ஜன்னல் ஓரத்தில் இருந்த தடித்த ஆள் ஏறியதும் தூங்கி, இறங்கும்வரை ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தார். மேகமாவது ஒன்றாவது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சகலை வந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர், திரைச்சீலை தைக்கும் டெய்லர். கையில் மடித்த ஒரு வெள்ளைத் தாள்.

"அண்ணே, நாங்க நாலு பேரும் பிளேன்ல போறோம்ணே. பெரிய மச்சான் வீடு கட்டி முடிச்சிட்டாருல்ல, பார்த்துட்டு வந்துடலாம்னு."

"பிளேன்லயா? யார் செலவு?"

"என் செலவுதான். புதுசா ஒரு கம்பெனி வந்திருக்குண்ணே. மூணு மாசம் முன்னாடியே எடுத்தா பஸ்ஸை விடக் கொஞ்சம்தான் கூட. சாப்பாடு கிடையாதாம், தண்ணிக்கும் காசாம். சீட்டு நம்பர் கூட இல்ல, முந்துறவங்களுக்கு ஜன்னல்."

தராசுக்காரர் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்த சாதாரணக் காகிதம். அவருடைய டிக்கெட் அட்டை போட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது. "இதெல்லாம் டிக்கெட்டா? ஏமாத்து வேலையா இருக்கும், ஜாக்கிரதை" என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளுக்குள் அது ஏமாற்று வேலையாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

அப்படி இருக்கவில்லை. தெருமுனை சலூன்காரர் அதே கம்பெனியில் போய்விட்டு வந்தார். துணி தேய்ப்பவரின் மாமியார் போய்விட்டு வந்து, குலுங்கவே இல்லை, பஸ்ஸே தேவலை என்று வேறு குறை சொன்னாள். தராசுக்காரருக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க வேண்டாம். சலூன்காரர் போகட்டும், துணி தேய்ப்பவரின் மாமியார் போகட்டும். ஆனால் இத்தனை வருடம் வாயைப் பிளந்துகொண்டு தன் கதையைக் கேட்ட சகலை, பெண்டாட்டி பிள்ளைகளோடு நாலு சீட்டு போட்டு உட்கார்ந்து போவதா?

"நாமளும் ரெண்டு டிக்கெட் எடுத்தா என்னங்க?" என்றாள் மனைவி.

"கண்டவனும் ஏறுற பிளேன்ல நான் எதுக்கு ஏறணும்?"

"அப்போ விடுங்க. அதுக்காக ரெண்டு வாரமா சரியா சாப்பிடாம இருந்தா எப்படி?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் சகலை வீட்டார் நாலு பைகளோடு வந்து இறங்கினார்கள். ஆளுக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி. மேலே போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்களாம். எடை பார்க்க இவர் வீட்டை விட்டால் வேறு எங்கே போவார்கள்? முன்னறையில் அவருடைய பிளாட்பாரத் தராசு நின்றது. அதன் இரும்புக் கம்பியில் ஒரு நகர்குண்டு உண்டு. அதைத் தள்ளித் தள்ளி, கம்பி நேராக நிற்கும் இடத்தில் எடையைப் படிக்க வேண்டும்.

அந்த நகர்குண்டின் வயிற்றில் காலையிலேயே ஈயத்தை அடைத்து மூடியிருந்தார் தராசுக்காரர். குண்டு கனத்தால் தராசு குறைத்துக் காட்டும். பதினெட்டு கிலோ ஏற்றினால் பதினைந்து என்று சொல்லும். முப்பது வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் இந்த வேலையைச் செய்யச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவனுக்குக்கூடச் செய்ததில்லை. செய்யச் சொன்னவனை வாசலோடு திருப்பி அனுப்பியவர், யாரும் கேட்காமலே சொந்தத் தராசில் செய்தார்.

"அட, இன்னும் ரெண்டரை கிலோ இடம் இருக்கே ஒவ்வொண்ணுலயும்" என்றார்.

சகலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மச்சானின் புது வீட்டுக்கு ஹாலுக்கு மட்டும்தான் திரைச்சீலை எடுத்துக்கொண்டிருந்தார். படுக்கையறைகளுக்குத் தைத்ததையும் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து திணித்தார். நாலு பையும் பதினாலே முக்காலில் நின்றன.

மறுநாள் விமான நிலையத்துக்கு வழியனுப்பத் தராசுக்காரரும் மனைவியும் போனார்கள். அவர் போனது வேடிக்கை பார்க்கத்தான். கொஞ்சம் அபராதம், கொஞ்சம் அசடு வழிதல், அவ்வளவு போதும் அவருக்கு.

முதல் பையைக் கவுன்ட்டரில் வைத்ததும் பதினேழு கிலோ எழுநூறு என்று எண் வந்தது. மற்ற மூன்றையும் வைத்துப் பார்த்தாள், அதே கதை.

"நாலுலயும் இப்படித்தான் இருக்கு சார். பணம் கட்டுங்க, இல்லன்னா எடுத்துடுங்க" என்றாள் கவுன்ட்டர் பெண். "இன்னும் பத்து நிமிஷத்துல மூடிடுவோம்."

அவள் சொன்ன தொகை நாலு டிக்கெட்டையும் விட அதிகம். சகலை அசரவில்லை.

"உங்க மெஷின்ல கோளாறும்மா. எங்க அண்ணன் தராசுல பார்த்துட்டுத்தான் வர்றோம். முப்பது வருஷமா ஊருக்கே தராசு சரி பண்றவரு. அவர் தராசு பொய் சொல்லாது."

பின்னால் வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டினார். சகலை அவரிடமும் திரும்பிச் சண்டைக்குப் போனார். "நீங்க சும்மா இருங்க சார், இது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம். அண்ணே, இங்க வாங்கண்ணே! நீங்களே சொல்லுங்க!"

தராசுக்காரரின் தோள்பையில் எப்போதும் முத்திரை போட்ட இரண்டு கிலோ எடைக்கல் இருக்கும். எல்லார் கண்ணும் அவர்மேல் இருந்தது. கல்லை எடுத்துக் கவுன்ட்டர் தராசில் வைத்தார். சரியாக இரண்டு கிலோ.

"இது சரியாத்தான் இருக்கு" என்றார்.

சகலை கவுன்ட்டரிலிருந்து பைகளை இறக்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து பைகளைப் பிரித்தார். இரண்டு மாதம் ராத்தூக்கம் கெட்டுத் தைத்த திரைச்சீலைகள், ஹாலுக்கானவை, படுக்கையறைக்கானவை, மொத்தமும் வெளியே வந்தன. மச்சினி ஒரு புடவையில் போட்டு மூட்டையாகக் கட்டினாள். திட்டியிருந்தால் தேவலை. சகலை எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

"விடுங்கண்ணே, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்களுக்கும் வயசாகுதுல்ல? கண்ணு முன்ன மாதிரி இருக்குமா? கை தப்புறது சகஜம்தானே."

"இனிமே பெரிய வேலையெல்லாம் ஒத்துக்காதீங்க அத்தான்" என்றாள் மச்சினி, நிஜமான அக்கறையோடு.

கை தப்பியதா? அவர் கையா? பொறாமையை இரண்டு வாரம் அடக்கிவைத்த மனிதரால் இதை அரை நிமிடம் அடக்க முடியவில்லை.

"என் கை தப்பல! குண்டுக்குள்ள நான்தான் ஈயம் அடைச்சேன். கிராம் கணக்குப் பார்த்து அடைச்சேன். பதினெட்டு வச்சா பதினஞ்சு காட்டணும்னு வச்சேன், காட்டிச்சு!"

"எதுக்குண்ணே?"

"நாலு பேரா போறீங்களேடா" என்றார்.

சகலை பைகளின் ஜிப்பை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். மூட்டையை இவர் காலடியில் வைத்தார். "பத்திரமா வச்சிருங்க" என்றார். அதில் அண்ணே இல்லை. சகலையின் மகள்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

திரும்பிவரும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூட்டை இவர் மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நகர்குண்டைக் கழற்றி ஈயத்தைச் சுரண்டி எடுத்தார். எடைக்கல்லை வைத்து மூன்று முறை சோதித்தார். கம்பி நூல் பிடித்தமாதிரி நின்றது.

மனைவி மூட்டையைத் தூக்கி வந்து தராசின்மேல் வைத்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

அவர் குண்டைத் தள்ளி, குனிந்து பார்த்தார். "பதிமூணு கிலோ இருநூறு."

முப்பது வருடமாக அவர் சொன்ன எடையை யாரும் மறுபடி கேட்டதில்லை.

"நிஜமாவா?" என்றாள்.