பாப்பாவைப் பார்க்க வந்தவர்கள்

பீளமேட்டில் பழைய மில் மதிலை ஒட்டிய சந்துக்குள் தம்பிதுரையின் வீட்டை யாரையும் விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒரு வீட்டு ஜன்னல்களில் மட்டும் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இருந்த இடத்திலெல்லாம் தகரம் அடித்திருக்கும். மோட்டார் கம்பெனியில் லேத்தில் நின்றவர் என்பதால் வெட்டியதும் அடித்ததும் அவரேதான். மகள் லோகப்பிரியா கண்ணாடியை உள்ளங்கையால் தட்டுவாள். உடைந்தால் துண்டையும் விடாமல் பிடித்துக்கொள்வாள்.

லோகப்பிரியாவுக்கு இருபத்துமூன்று வயது. பெற்றவர்களுக்கு இன்னும் பாப்பாதான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவள் தவழ்வதை விட்டு எழுந்து ஓடத் தொடங்கிய பருவம். கிணத்துக்கடவுத் தோட்டத்தை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு, பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தம்பிதுரையும் மனைவி செல்லாத்தாளும் கோவைக்கு வந்தார்கள். படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தானாகச் சாப்பிடக் கற்றாள். பாத்ரூம் வந்தால் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கக் கற்றாள். பேச்சு வரவில்லை. வளர வளர உடம்பில் பலம் ஏறியது. ஒரு நாள் அவள் பிடித்துத் தள்ளியதில் செல்லாத்தாளின் நெற்றி நிலைப்படியில் மோதிக் கிழிந்தது. மறுநாளே தம்பிதுரை வேலையை விட்டார்.

வேலையை விட்டவர் சும்மா இருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பறையை வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பெற்றவர்கள் அங்கே கூடினார்கள். எந்த டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார், எந்தப் பள்ளியில் துரத்தமாட்டார்கள், மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்க எங்கே போக வேண்டும் என்று தம்பிதுரை எடுத்துச் சொல்வார். கடைசியில் எப்போதும் ஒன்றைச் சொல்வார்:

“குணமாக்கித் தாரேன்னு எவனாச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. சொல்லிக்கொடுங்க. சொல்லிக்கொடுத்துட்டே இருங்க. வருமுங்க.”

‘வருமுங்க’ என்று அவர் சொல்கிற விதத்தைக் கேட்கவே சிலர் வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் முகமது ரியாஸ். பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மகன் ஆஸிமுக்கு நாலு வயது. சுழலும் எதைக் கண்டாலும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அப்பாவைக் கூப்பிடும் ‘அத்தா’ என்ற ஒரு சொல் மட்டும் வாயில் இருந்தது. ரியாஸ் ஒரு ஞாயிறும் தவறமாட்டார். மற்றவர்கள் போன பிறகும் தம்பிதுரையோடு பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டு பேசுவார்.

“உங்க பொண்ணையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்கண்ணா. நாங்களும் பாத்தா தைரியமா இருக்கும்.”

“கூட்டம்னா அவளுக்கு ஆகாதுங்க தம்பி. ஒரு நாள் ஊட்டுக்கு வாங்க.”

என்றைக்கு என்று தம்பிதுரை சொன்னதில்லை. ரியாஸ் கேட்கும்போதெல்லாம் அவர் வேறு பேச்சை எடுத்துவிடுவார். மகளை நினைத்து அவருக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்த வகுப்பறையில் இருப்பவர்களின் குழந்தைகளெல்லாம் சின்னக் குழந்தைகள். வளர்ந்தால் எப்படி இருப்பார்கள் என்பதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதைத் தானே காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

பெருநாள் மத்தியானம் ரியாஸ், மனைவி ஃபர்சானாவையும் ஆஸிமையும் கூட்டிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தில் பிரியாணியோடு சொல்லாமல் வந்து கதவைத் தட்டினார். வாசம் அடங்காத புதுத் துணியில் மூன்று பேரும் நின்றார்கள்.

அன்று லோகப்பிரியாவுக்கு மாதவிலக்கு நாள். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தாள். உள்ளே வெறும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல் சுற்றும் சத்தம் கேட்டால் கொஞ்சம் அடங்குவாள். அன்று அதற்கும் அடங்கவில்லை. போட்டிருந்த நைட்டியைக் கழுத்திலிருந்து கிழித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். செல்லாத்தாள் போர்வையோடு பின்னாலேயே ஓடிவந்தாள். லோகப்பிரியா தன் மணிக்கட்டைக் கடித்தாள். ஏற்கெனவே கடித்துக் காய்த்துப்போன இடம். தம்பிதுரை பின்னாலிருந்து அவள் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மகளின் தலை அவர் தாடையில் இடித்தது. பல்லில் ரத்தம் வந்தது.

“ஒண்ணுமில்லீங்க, உக்காருங்க,” என்றார், அப்படியே பிடித்துக்கொண்டு.

யாரும் உட்காரவில்லை. ஃபர்சானா மகனின் முகத்தைத் தன் முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். செல்லாத்தாளிடம்தான் கேட்டாள்.

“எத்தன வருஷம்மா பயிற்சி கொடுத்தீங்க?”

“இன்னைக்கு வரைக்கும் குடுத்துட்டுத்தான் இருக்கறோம் அம்மணி,” என்றாள் செல்லாத்தாள். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் ஃபர்சானாவின் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு ரியாஸ் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக எந்த ஞாயிறும் வரவில்லை. கூட்டத்துக்கு வரும் தமிழ்ச்செல்வன் என்பவர்தான் சேதி சொன்னார். பாலக்காட்டு ரோட்டில் யாரோ ஒரு வைத்தியராம். ஒரு வருஷத்தில் பேச வைத்துவிடுவேன் என்கிறாராம். பால் கூடாது, சோறு கூடாது, மூன்று வேளையும் ஏதோ ஒரு பொடி. பையன் எலும்பும் தோலுமாகிவிட்டான் என்றார்.

தம்பிதுரை செல்லாத்தாளின் அக்காள் மகளை வீட்டில் காவல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். ரியாஸ் வரவேற்றார், டீ வரவழைத்தார். பொடியைப் பற்றி எடுத்ததும் கையிலிருந்த தூசித் துணியைக் கீழே வைத்தார்.

“சாமானம் வாங்க வந்தா வாங்கண்ணா. இதுக்கு வராதீங்க.”

“பையன் உசுருக்கு ஆபத்துங்க தம்பி. உள்ள என்ன போகுதுன்னே தெரியாம...”

“உங்க பேச்சக் கேட்டு, வருஷம் பூரா சொல்லிக்கொடுத்து, கடைசில உங்க பொண்ணாட்டம் ஆகறதுக்குங்களா?”

ரியாஸ் குரலை உயர்த்தவில்லை. தம்பிதுரைக்கும் கோபம் வரவில்லை. அன்று நீங்கள் பார்த்தது ஒரு கெட்ட நாள், மற்ற நாட்களில் அவள் அப்படி இல்லை என்று சொல்ல நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எத்தனை நாட்கள் அப்படி இல்லை என்று மனசுக்குள் யோசித்துப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்து முடித்து எழுந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் புதிதாக வந்திருந்த ஒரு தாய், “எம்பையன் பேசிருவானுங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் தம்பிதுரையைப் பார்த்தார்கள். அவர் ‘வருமுங்க’ என்று சொல்லவில்லை. தெரியவில்லை என்றார். மெல்ல மெல்ல ஆட்கள் குறைந்தார்கள். ஒரு கட்டத்தில் சாவியைப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ரியாஸ் போன் பண்ணினார். ஆஸிமுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்ததையும், பொடியை நிறுத்திவிட்டதையும் சொன்னார்.

“‘அத்தா’ன்னு சொல்லிட்டு இருந்தானுங்கண்ணா. இப்ப அதும் இல்ல.”

பொடியாலா, வலிப்பாலா, எதனால் என்று யாருக்கும் தெரியாது. இந்த நோவில் சில குழந்தைகளுக்கு இருந்த பேச்சு தானாகவும் போவதுண்டு. அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்குமா, இன்னும் பயமாக இருக்குமா என்று தம்பிதுரைக்குப் புரியவில்லை. “பாத்துக்குங்க தம்பி,” என்று மட்டும் சொன்னார். இருவருமே போனை வைக்காமல் இன்னும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே மழைக்காலத்தில்தான் செல்லாத்தாள் பாத்ரூமில் மகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆகியும் கோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. வளர்ந்த மகளைக் குளிப்பாட்டுவதும், மாதத்தின் அந்த நாட்களில் துணி மாற்றுவதும் தகப்பன் கைக்கு வந்தன. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்தார். வேலைக்கு வந்த பெண்கள் யாரும் தங்கவில்லை. கிணத்துக்கடவிலிருந்து அண்ணன் ஒருமுறை வந்து, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

காப்பகங்களுக்குப் போன் பண்ணிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளைத்தான் எடுப்போம் என்றார்கள். அடிக்கிற குணம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றதும் வைத்துவிட்டார்கள். ஆனைமலைப் பக்கம் ஒரே ஓர் இடத்தில் வந்து பாருங்கள் என்றார்கள். செல்லாத்தாளின் அக்காள் மகளை மறுபடியும் வீட்டில் காவல் வைத்துவிட்டுப் போனார். சுத்தமாகத்தான் இருந்தது. சுவரோரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சத்தமே இல்லீங்களே,” என்றார்.

“மாத்திரை குடுத்துருவோமுங்க,” என்றாள் கூட்டிப்போன பெண், அவர் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

திரும்பும் வழியில் மாசாணியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். செல்லாத்தாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். லோகப்பிரியா அவளுடைய சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிங்க இருக்குது?”

“வேண்டாம் புள்ள.”

“கோயிலுக்குப் போனீங்களா?”

“போனேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நமக்கு முந்தி இவ போயிரோணும்னு வேண்டிக்கிட்டீங்களாக்கும்?”

தம்பிதுரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“நானும் தெனைக்கும் அதைத்தானுங்க கும்பிடறேன்,” என்றாள் செல்லாத்தாள். “சொன்னா நீங்க வையுவீங்கன்னு சொல்லல.”

அவர் வையவில்லை. லோகப்பிரியா எழுந்து வந்து அவருடைய பனியனைப் பிடித்து இழுத்தாள். அவளைப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், கால் கழுவித் துடைத்துவிட்டு, மூன்று பேருக்கும் சோறு போட அடுப்படிக்குப் போனார்.